சுவரிலிருந்து ஹென்னி போஸ்மா அழித்த பெயர்

ஹென்னி போஸ்மா இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அந்தக் காலம் முழுவதும் அவர்மீது ஒரு விபத்தோ ஓர் அபராதச் சீட்டோ பதிவாகவில்லை. இதைப் பள்ளி வட்டார அலுவலகத்தில் கேட்டு நானே சரிபார்த்திருக்கிறேன். அதே ஹென்னி சனிக்கிழமைகளில் ஒரு பச்சைக் கெஸ்ட்ரல் காரில் ஏறி, கால் மைல் முடியும் இடத்தை மணிக்கு நூறு மைல் வேகத்தில் கடப்பார்.

என் பெயர் வெசெல் ஸ்லாக்டர். மிச்சிகன் ஏரியிலிருந்து பதினொரு மைல் உள்ளே, புளூபெர்ரித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் கால் மைல் கார்ப் பந்தயப் பாதையில் 1976ஆம் ஆண்டிலிருந்து நேரக் குறிப்பாளனாக இருக்கிறேன். ஹென்னியைப் பற்றி நான் எழுதுவதில் தேதியும் நேரமும் என் நோட்டுகளிலிருந்து எடுத்தவை. பேச்சு மட்டும் நினைவிலிருந்து எழுதியது.

ஹென்னி 1951இல் பிறந்தவர். அவர் கணவர் லாம்பர்ட்டுக்கு நாற்பது ஏக்கர் புளூபெர்ரித் தோட்டம். இருவரும் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை உண்டு. அன்று புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட அவர்கள் வீட்டில் கிளப்ப மாட்டார்கள். அதனால் ஹென்னி சனிக்கிழமை மட்டுமே ஓட்டினார். பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அவற்றில் ஒன்றில்கூட அவர் பெயர் இருக்காது.

கெஸ்ட்ரல் 1968இல் வந்த வண்டி. போனி கார் என்று சொல்லும் அந்தக் காலத்துச் சின்ன வேகக் கார்களில் மஸ்டாங்கையும் கமாரோவையும் எல்லோருக்கும் தெரியும். கெஸ்ட்ரலை அதை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஹென்னியின் வண்டியில் இருந்தது எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் சின்னது. கலமசூவில் பல் செட் செய்யும் ஒருவரிடமிருந்து 2002இல் வாங்கினார். அடுத்த ஆண்டு எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்திலும் பொறித்திருந்த எண்ணைத் தொழிற்சாலைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டின் எண்ணைத் துணியால் துடைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். என் கோப்பில், "கேம் எண் சரி, 14 ஜூன் 2003" என்று எழுதியது நான்தான்.

எங்கள் பாதையில் "தொழிற்சாலை வகுப்பு" என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். டயர்கூடப் பழைய மாதிரி ஒல்லியானதுதான். அந்த வகுப்பில் கால் மைலைப் பதினான்கு விநாடிக்குள் ஓட்டுவது லேசான காரியமில்லை. ஓட்டியவர்களின் பெயரை நேரக் கோபுரத்தின் வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்தில் எழுதுவோம். 2013 வரை இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. இருபத்திரண்டும் பெரிய எஞ்சின்காரர்கள்.

ஹென்னிக்கு வேண்டியிருந்தது அந்தச் சுவரில் ஒரு வரி. 2003இல் 14.62 ஓட்டினார். பத்து ஆண்டுகளில் அது மெல்ல மெல்லக் குறைந்து 14.09 ஆனது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். சபையில் பிரசங்கம் தொடங்கும்போது எங்கள் பெண்கள் கைப்பையிலிருந்து எடுத்து வரிசையில் நீட்டுவார்களே, அதே மிட்டாய்.

2013 செப்டம்பர் 21, சனிக்கிழமை. பக்கத்துத் தடத்தில் லான்சிங்கிலிருந்து வந்த ரஸ் கில்ஹூலி. பெரிய எஞ்சின் வண்டி வைத்திருப்பவன், வாயும் பெரிது. அவனுக்கு அன்று மூன்றாவது கியர் சரியாக விழவில்லை. ஹென்னி 13.94இல் வந்து அவனைத் தோற்கடித்தார்.

"பஸ்காரம்மா, பின்னாடி சீட்டுல இருந்த புள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வந்துட்டீங்களா இன்னிக்கு?" என்று ரஸ் கத்தினான்.

"உன்னையும் சேர்த்துத்தான் இறக்கிவிட்டேன் ரஸ். வீட்டுக்கு நடந்து போ."

அன்று மாலையே இருபத்துமூன்றாவது பெயராக எழுதினோம். பிஸ்டனை மரக்கட்டையில் பொருத்திய சின்னக் கோப்பை ஒன்றும் கொடுத்தோம்.

அடுத்த பிப்ரவரி 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஹென்னி எனக்குத் தொலைபேசியில் பேசினார். எஞ்சினில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்திருக்கிறது. கேம்ஷாஃப்டின் பதினாறு மேடுகளில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும் என்று நினைத்து, மேல்மூடியைக் கழற்றி, நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்.

"வெசெல், எந்த மேடும் தேயலை."

"நல்லதுதானே."

"நல்லது இல்லை. புத்தகத்துல மேட்டோட உயரம் 0.273 அங்குலம். எனக்கு 0.294 காட்டுது. பதினாறும் அப்படியே."

தேய்ந்தால் அளவு குறையும். கூட வழியே இல்லை. "எண் சரியாத்தானே இருந்துது?" என்றேன்.

"எண் சரிதான். யாரோ நமக்கு முன்னாடியே அந்த ஷாஃப்டோட அடிவட்டத்தைக் கடைஞ்சு, மேடு உயரமாகிற மாதிரி வடிவத்தை மாத்தியிருக்காங்க. எண் அப்படியே நிக்குது, உடம்பு மாறிப்போச்சு. நான் எண்ணைப் பாத்தேன், அளந்து பாக்கலை. நீயும் பாக்கலை."

மேட்டின் உயரம் கூடினால் எஞ்சின் அதிகக் காற்றை உள்ளிழுக்கும், வண்டி வேகமாகப் போகும். எங்கள் வகுப்பில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குவரை பொறுத்துக்கொள்வோம். இது இருபத்தொன்று. பழைய வண்டிக்காரர்கள் எண்ணைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிடுவோம். அதற்குப் பிறகு எதையும் கேட்க மாட்டோம். அந்தப் புத்தியில்தான் நாங்கள் இருவரும் பத்து ஆண்டு ஏமாந்திருந்தோம்.

"வேற யாருக்கும் தெரியாது ஹென்னி," என்றேன். அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

"எனக்குத் தெரியுமே," என்றார். "இன்னொண்ணு. இடது முட்டி போச்சு. நவம்பர்ல மாத்தறாங்க. அதுக்கப்புறம் கிளட்ச் மிதிக்க முடியுமான்னு டாக்டர் சந்தேகமாப் பேசறாரு. அதனால இந்த வருஷம்தான்."

"எது இந்த வருஷம்?"

"சரியான கேமைப் போட்டு, நியாயமாப் பதினாலுக்குள்ள, பதிமூணுல ஓட்டறது."

ஏப்ரல் 12 அன்று பருவம் தொடங்கும் முன் நடக்கும் ஓட்டுநர் கூட்டம். காபியும் டோனட்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, ஹென்னி எல்லாவற்றையும் சொன்னார். கோப்பையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ரஸ், அன்னிக்கு நீதான் ஜெயிச்சே. இந்தா."

ரஸ் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ நான் ஏழு மாசமா வீட்டுல கேட்ட பேச்செல்லாம்? அதை யார் திருப்பித் தர்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர், தெரிந்து செய்த தப்பில்லை, பெயர் சுவரில் இருக்கட்டும் என்றார். கையைத் தூக்கச் சொன்னார்கள். இருக்கட்டும் என்று பத்தொன்பது கை, வேண்டாம் என்று நான்கு. நான்கில் ஒன்று ரஸ்ஸுடையது. இன்னொன்று ஹென்னியுடையது.

"நீங்க ஓட்டுப் போட்டா இரும்பு குறையுமா?" என்று கேட்டுவிட்டு ஹென்னி வெளியே போனார். வண்டியின் பின்பெட்டியில் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் தயாராக இருந்தன. ஏணியில் ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து ஏறினார். தன் பெயரைத் தானே அழித்தார். அவருடைய வெள்ளையும் சுவரின் வெள்ளையும் ஒத்துப்போகவில்லை. பால் நிறச் சுவரில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது.

அந்தக் கூட்டத்திலேயே விதியை மாற்றினோம். இனி எண் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும்.

சரியான கேம்ஷாஃப்ட் இந்தியானாவில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஒருவரிடம் இருந்தது. தொழிற்சாலைப் பெட்டியில், எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல். ஹென்னி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கைப்பையிலிருந்து டயல் கேஜை எடுத்ததும் அந்த மனிதர் முகத்தைக் கோணினார்.

"பெட்டி மேலயே நம்பர் இருக்கேம்மா."

"நம்பரை ஏற்கெனவே ஒருதடவை நம்பிட்டேன் ஐயா. நீங்க அந்த முனையைப் பிடிங்க."

பதினாறும் 0.273. அதற்குப் பிறகுதான் வாங்கினார்.

மே 17 அன்று புதிய கேமோடு முதல் ஓட்டம்: 14.27. ஜூன் 7: 14.25. ஜூன் 28, புழுக்கமான நாள்: 14.31. பத்து ஆண்டு உழைப்பில் பாதி கரைந்துபோயிருந்தது. மற்றவர்கள் நேரச் சீட்டை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ரஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து நின்றான்.

"பஸ்காரம்மா, ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நிக்கறீங்களோ?"

"உன் வீட்டு வாசல்லதான் நிக்கறேன். நீ இன்னும் பல்லு வெளக்கிட்டு வரலை."

ஜூலை 9, புதன்கிழமை, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹென்னி என் வீட்டுக்கு வந்தார். "என் சீட்டு எல்லாத்தையும் எடு," என்றார். 2003இலிருந்து அவர் ஓடிய ஓட்டம் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றின் நேரச் சீட்டும், ஓட்டுநர் சொன்ன குறிப்போடு, என்னிடம் இருந்தது. சமையலறை மேசையில் ஆண்டு வாரியாகப் பரப்பினோம். மேசை போதாமல் அடுப்பு மேடையிலும் வைத்தோம்.

மொத்த நேரத்தை விட்டுவிட்டு, முதல் அறுபது அடிக்கு எடுத்த நேரத்தை மட்டும் படித்துக்கொண்டே போனார். வண்டி நின்ற இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்புவது அதில்தான் தெரியும். 2.31, 2.29, 2.36 என்று எல்லாம் ஒரே கூட்டம். ஒரு சீட்டில் கை நின்றது. 2006 ஜூலை 15. முதல் அறுபது அடி 2.11.

"இது என்னது?"

குறிப்பைப் பார்த்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரின் வயர் அன்று அறுந்திருந்தது. அதே ஓட்டத்தில் அவர் மூன்றாவது கியரைத் தவறவிட்டதால் மொத்த நேரம் 14.90. அதனால் அந்தச் சீட்டை அன்று யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

ஹென்னி நாற்காலியில் சாய்ந்தார். "முள்ளு தெரியாததால பயந்து பயந்து, மெதுவாக் கிளப்பியிருக்கேன். டயர் வழுக்கலை. மத்த இருநூத்துச் சொச்சம் தடவையும் முள்ளைப் பாத்துப் பாத்து டயரைத் தேச்சிருக்கேன்."

"அது பழைய கேம் இருந்தப்ப ஹென்னி."

"டயருக்கு எந்தக் கேம்னு தெரியுமா? ஆப்பிள் பையை வெட்டு. பசிக்குது."

மறுநாளே அந்த மீட்டரின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். தோட்டத்துக்கு நடுவில் லாம்பர்ட்டின் லாரி போகும் தார்ப்பாதையில் முந்நூறு அடி நேராக இருக்கும். அங்கே தினமும் காலையில் இருபது தடவை, காதால் கேட்டே கிளப்பிப் பழகினார். கியர் மாற்றும் இடத்தையும் மாற்றினார். சரியான கேமில் எஞ்சின் சீக்கிரமே களைத்துவிடும். அதைக் கத்தவிடாமல் முன்னதாகவே அடுத்த கியருக்குப் போனார். வலிக்குக் குளிர் ஒத்தடமாக முட்டியில் உறைந்த பட்டாணிப் பையைக் கட்டிக்கொண்டு இறங்குவாராம். லாம்பர்ட் என்னிடம் புலம்பினார்.

"அந்தப் பட்டாணியை எனக்கு சூப் வைக்க வாங்கினது, வெசெல். பட்டாணி முட்டிக்குப் போகுது, எனக்கு ரொட்டிதான்."

ஆகஸ்ட் 9: 14.14. செப்டம்பர் 13: 14.06. செப்டம்பர் 27: 14.02. சீட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் திரும்ப வந்தார்கள். அக்டோபர் 11 முழுவதும் மழை, பாதையைத் திறக்கவே இல்லை. மிச்சம் இருந்தது அக்டோபர் 18, 19 மட்டும். வானிலை அறிக்கை, சனிக்கிழமை தூறல், ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலும் குளிர்ந்த கனமான காற்றும் என்றது. எஞ்சினுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. கோபுரத்தின் கீழே நின்றுகொண்டு எல்லோரும் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரஸ் வந்தான்.

"நாளைக்கு வாங்க. காலையில பத்து மணிக்கு ஓடினா நிச்சயம் பதிமூணுதான். நான் சொல்றேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும். அதுக்கு?"

லாம்பர்ட் குடைக்குள்ளிருந்து, "ஹென்னி, ஒரு பதினாலு விநாடியைக் கர்த்தர் கண்டுக்க மாட்டாரு," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பதினாலுன்னா கண்டுக்க மாட்டாரு. பதிமூணுன்னா கண்டுப்பாரு," என்றார் ஹென்னி. "சுவத்துல தேதியோட எழுதுவீங்க. ஞாயித்துக்கிழமைத் தேதியைப் போட்டு என் பேரை எப்படிப் பாக்கறது? இன்னிக்கு முடியலேன்னா முடியலை."

மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தூறல் நின்றது. பாதை ஈரம். உலர்த்தும் வண்டி ஒன்றுதான். இரண்டு தடத்தையும் அது காயவைப்பதற்குள் பொழுது போய்விடும். ரஸ் தன் பிக்கப் லாரியில் ஏறி, ஹென்னியின் தடத்தில் மேலும் கீழும் ஓட்டத் தொடங்கினான். டயர் தேய்த்தே தண்ணீரை விரட்டுவது. பிறகு இன்னொருவர் சேர்ந்தார், பிறகு இன்னும் மூவர். நான் எண்ணியவரை ரஸ் மட்டும் முப்பத்தொரு தடவை போய்வந்தான்.

"இதெல்லாம் உங்களுக்காக இல்லை," என்று ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான். "பக்கத்துத் தடத்துல ஓடி உங்களைத் தோக்கடிக்கணும். கோப்பையைக் கையில குடுத்தீங்களே, அது எனக்கு இனிக்கவே இல்லை."

நான்கு மணி நாற்பது. காற்று நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். ஹென்னி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். முதல் ஓட்டம்: 14.006.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. இறங்கினால் முட்டி திரும்ப மடங்காது என்றார். நான் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினேன். முதல் அறுபது அடி 2.13.

"எங்கே விட்டேன்?"

"மூணாவது கியர்னு நினைக்கிறேன். கோபுரத்துல கேட்டப்போ கொஞ்சம் அதிக நேரம் கத்தின மாதிரி இருந்துது."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது. டேப்பு ஓரத்துல உரிஞ்சு முள்ளு எட்டிப் பாக்குது. அதைப் பாத்துட்டேன்." டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினார். "பழைய பழக்கம்."

ஐந்து இருபதுக்கு இரண்டாவது ஓட்டம். அவ்வளவுதான், அதற்கு மேல் பாதையை மூடிவிடுவோம். பக்கத்தில் ரஸ். விளக்கு மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. ரஸ்ஸின் வண்டி டயரிலிருந்து புகை கிளப்பியது. கெஸ்ட்ரல் புகையே இல்லாமல், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல நகர்ந்தது. பாதி தூரத்தில் ரஸ் முந்திவிட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை.

ரஸ் 13.71. ஹென்னி 13.992.

சுவரில் இரண்டு தசமம்தான் எழுதுவோம், மூன்றாவதை விட்டுவிடுவோம். 13.99.

எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். ரஸ் தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தான். "தோத்துட்டு ஜெயிச்சவங்களை இப்பத்தான் பாக்கறேன்!"

ஹென்னி கையை உயர்த்தினார். "யாரும் கை தட்டாதீங்க. மூடியைக் கழட்டுங்க."

"எஞ்சின் கொதிக்குதும்மா."

"ஆறட்டும். நான் எங்கேயும் போகலை."

நாற்பது நிமிடம் ஆறவிட்டோம். அவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே இருந்தார். லாம்பர்ட் ஒரு குடுவையில் சூப் கொண்டுவந்து கொடுத்தார். பட்டாணி சூப்தான், எந்தப் பட்டாணி என்று நான் கேட்கவில்லை. பிறகு மூடியைக் கழற்றினோம். ரஸ் எஞ்சினைக் கையால் சுற்ற, நான் டயல் கேஜைப் படித்து ஒவ்வொரு மேட்டையும் சத்தமாகச் சொன்னேன். 0.273. 0.273. 0.272. ஹென்னி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பதினாறாவதைப் படித்து முடித்ததும்தான் காரிலிருந்து காலை வெளியே வைத்தார். லாம்பர்ட் ஒரு பக்கமும் ரஸ் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

ஏணியில் இந்தத் தடவை நான் ஏறினேன். சுண்ணாம்பு நிறப் பட்டைக்குக் கீழே எழுதினேன்: எச். போஸ்மா, கெஸ்ட்ரல், 13.99, 18 அக்டோபர் 2014. அந்தப் பட்டையையும் சுவரின் நிறத்துக்கே பூசிவிடட்டுமா என்று மேலேயிருந்து கேட்டேன்.

"தொடாதே," என்றார் கீழேயிருந்து. "அது இருக்கட்டும்."

லாம்பர்ட் தலையைத் தூக்கி, சுவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் தோட்டக்காரர், கணக்கு அவருக்கும் நன்றாகவே வரும்.

"போன வருஷம் 13.94. இந்த வருஷம் 13.99. விடியக்காலையில என்னை எழுப்பிவிட்டு, என் பட்டாணியெல்லாம் தீத்து, விநாடியில நூத்துல அஞ்சு பங்கு மெதுவா ஓட்டினதுக்கா இத்தனை கொண்டாட்டம்?"

"ஆமா," என்றார் ஹென்னி. கைப்பையைத் திறந்து அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். ரஸ்ஸுக்கும் ஒன்று நீட்டினார். "சீக்கிரம் கிளம்பு லாம்பர்ட். நாளைக்குக் காலையில ஆராதனை. நீதான் ஓட்டணும், எனக்குக் கால் மடங்காது."